பாடசாலைச் சோறும் பக்கத்து வயலும்



செங்கலடிச் சந்தியைக் கடந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோருக்கு முதலிற் கொம்மாதுறையும் அடுத்து வந்தாறுமூலையும் வரும். வீதிக்கு மேற்கே வயல்வெளி. கிழக்கே திரும்பிச் சென்றால் களுவன்கேணிக் கடற்கரை. விடியற்காலையில் அவ்வழியே பயணஞ் செய்தவர்கள், சைக்கிளின் பின்னே பொன்னாங்காணிக் கட்டுகளையும் பயற்றங்காய்க் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு மிதிப்பவர்களைக் கண்டிருப்பார்கள். வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

சில மாதங்களுக்கு முன் அப்பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றுக்கு ஓர் அலுவலாகச் சென்றிருந்தேன். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஆரம்ப வகுப்புகளில் அறுபது பிள்ளைகள் வரையில் படிக்கிறார்கள். பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் விறகு அடுப்பு. அடுப்பின் மேல் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மைசூர்ப் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமைத்துக்கொண்டிருந்தவர் அதே பாடசாலையில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் ஒரு தாய். வேலிக்கு அப்பால் கீரைச் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று. அந்தத் தாய் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்ன பிள்ளை, கீரை வாசலாலேயே போகுதே, நாலு கட்டு வாங்கிப் போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

அகப்பையை வைத்துவிட்டு அவர் சொன்ன மறுமொழிதான் இக்கட்டுரைக்கு வித்து: "வாங்கலாம் பாதர். ஆனா கடைக்காரர் எண்டா கொப்பியில எழுதி வைச்சுப் பருப்பும் எண்ணெயும் தருவார். செக் வாற நேரம் குடுக்கலாம். கீரைக்காரர் கொப்பி வைச்சிருக்காரா? அவருக்கு அண்டைக்கண்டைக்குக் காசு வேணுமே."

மைசூர்ப் பருப்பு என்று நாம் பெயர் சொல்கிறோமே தவிர, அது மைசூரிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. அத்தனை தொலைவிலிருந்து வந்த பருப்பு அடுப்பிலே வேகிறது; அரைக் கட்டை தூரத்தில் முளைத்த கீரை அடுப்பைக் கடந்து போகிறது. இதில் ஏதாவது தவறு உண்டா? உண்டெனில் அது யாருடைய தவறு? வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்று உங்களிடமும் அதைக் கொண்டு வந்திருக்கிறேன்.

தவறொன்றுமில்லை என்று சொல்வோருக்கு வலுவான நியாயம் இருக்கிறது. பசித்த பிள்ளைக்குச் சோற்றின் ஊர் தெரிய வேண்டியதில்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே நாளிற் தடைசெய்யப்பட்டதையும், அதையடுத்த பெரும்போகத்தில் வயல்கள் பொய்த்ததையும், 2022இல் நாடு கையில் வெளிநாட்டுப் பணமின்றி நின்றதையும் நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டில் சீனா அனுப்பிய பத்தாயிரம் தொன் அரிசி, 7,900 பாடசாலைகளில் படிக்கும் பதினொரு இலட்சம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. வேறு சில மாவட்டங்களின் பாடசாலைகளுக்கு அமெரிக்காவிலிருந்து மஞ்சட் பருப்பும் தகரத்தில் அடைத்த சால்மன் மீனும் வந்தன. அவற்றைச் சமைத்துப் பரிமாறியவர்கள் செய்தது முற்றிலும் சரி. அன்று ஒருவர் எழுந்து நின்று, "இது நம் ஊர் அரிசியா?" என்று கேட்டிருந்தால் அவரைப் பார்த்து நாம் வெட்கப்பட்டிருப்போம்.

ஆயினும் இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் பட்டறை நிறைய நெல் இருக்கிறது. தகப்பனும் திடகாத்திரமாய் இருக்கிறான். ஆனால் அவனுடைய பிள்ளை நாள்தோறும் பக்கத்து வீட்டில் உண்ணுகிறது. பக்கத்து வீட்டார் நல்லவர்கள். முகஞ் சுளிக்காமல் சோறு போடுகிறார்கள். பிள்ளையின் வயிறும் நிறைகிறது. எனினும் ஊரில் எவரும் அது சரியான ஏற்பாடு என்று சொல்லமாட்டார்கள். பக்கத்து வீட்டுச் சோறு மட்டமானது என்பதனால் அன்று. அந்தத் தகப்பன் தன் பிள்ளைக்குச் சோறு போடும் கடமையையும் உரிமையையும் சேர்த்து இழந்துகொண்டிருக்கிறான். தன் தகப்பனால் அது முடியாது என்று பிள்ளையும் மெல்ல மெல்லப் படித்துக்கொள்கிறது. வயிறு நிறைவதனால் மாத்திரம் தீராத ஒரு குறை அங்கே இருக்கிறது. ஊருக்கும் பாடசாலைக்கும் இது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

வந்தாறுமூலையை உதாரணமாக எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளைக்கு ஈடாகப் படிக்க வேண்டும் என்ற நோக்கோடு, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் நாடெங்கும் எழுந்த மத்திய கல்லூரிகளுள் ஒன்று இங்கே அமைந்தது. அந்தக் கல்லூரி வளவிலேதான் 1981 ஆகஸ்ட் 1ஆம் நாள் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தொடக்கத்தில் இருந்தவை இரண்டே பீடங்கள்: விஞ்ஞானமும் விவசாயமும். ஆக, படிப்பும் பயிரும் ஒரே வளவுக்குள் வாழும் ஊர் இது. இங்கே முடியாவிட்டால் வேறெங்கே முடியும்?

பாடசாலையிற் பிள்ளைகளுக்கு உண்ணக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பணிசும் பாலும் வாங்கிய கதையைச் சொல்வார்கள். கெயர் நிறுவனம் தந்த பிஸ்கற்றின் ருசியை இன்றும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். பிழையில்லை, அந்தப் பணிசுக்காகவே பள்ளிக்கு வந்து, படித்து, ஆசிரியரானவர்களும் உண்டு. ஆனால் கோதுமை ஒரு கதிர்கூட விளையாத நாட்டில், நெல் விளையும் மாவட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலை அறிமுகப்படுத்திய உணவு கோதுமை. தயிருக்குப் பேர்போன மட்டக்களப்புப் பிள்ளைக்குப் பாடசாலை அறிமுகப்படுத்திய பால், மாப் பால். அந்தப் பழக்கம் பாடசாலையோடு நின்றுவிடவில்லை என்பதை நம் வீடுகளின் காலைச் சாப்பாட்டைப் பார்த்தாலே அறியலாம்.

1989இல் சனாதிபதி பிரேமதாசா மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஆரம்ப வகுப்பில் இருந்தேன். அடுத்த ஆண்டே இங்கு போர் மீண்டும் மூண்டது. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் அடைக்கலந் தேடி வந்தவர்களால் நிறைந்தது, 5ஆம் நாள் அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. இக்கட்டுரையின் விடயம் அதுவன்று. ஆனால் வந்தாறுமூலை என்று எழுதிவிட்டு அதை எழுதாமற் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் எத்தனையோ வயல்கள் விதைப்பின்றிக் கிடந்தன. நிவாரணம் என்ற சொல்லைப் பால்குடி மறவாத பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். என் வயதுப் பிள்ளைகளுக்குச் சோறு என்பது வயலில் விளைவதன்று, லொறியிலிருந்து இறங்குவது. உலக உணவுத் திட்டம் போர்க் காலத்திலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும் நம் பாடசாலைகளில் அடுப்பெரிய வைத்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். இப்போது அதே நிறுவனம் நாட்டின் சில மாவட்டங்களில், பாடசாலைக்குச் சமைக்கும் பெண்களுக்குக் கோழிகளையும் தோட்டத்துக்கு வேண்டியவற்றையும் கொடுத்து, உள்ளூர் விளைவைக் கொண்டே பிள்ளைகளுக்கு உணவளிக்கச் செய்கிறது. லொறி அனுப்பியவர்களே கோழி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்றால், லொறியின் குறையை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

இதே பாதையில் நடந்த இன்னொரு நெல் நாடு யப்பான். 1889இல் அந்நாட்டின் சுருஓகா என்னும் ஊரில், பௌத்த ஆலயம் ஒன்றில் நடந்த பள்ளியிலே, துறவிகள் வீடுவீடாகச் சென்று பெற்ற தானத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். யப்பானியர் தங்கள் பாடசாலை உணவின் தொடக்கம் என்று இதையே சொல்வர். இரண்டாம் உலகப் போரிலே தோற்று நாடு பட்டினி கிடந்தபோது அமெரிக்கக் கோதுமை மாவும் ஆடை நீக்கிய பால்மாவும் வந்தன. பாடசாலை உணவு பாணும் பாலும் ஆயிற்று. சோறு உண்ணும் நாட்டின் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் பாடசாலையிற் பாண் உண்டார்கள். சோறு முறைப்படி திரும்பி வந்தது 1976இல். அதற்கும் உயர்ந்த தத்துவம் காரணமன்று. விலைபோகாத அரிசி களஞ்சியங்களிற் குவிந்திருந்தது என்பதே காரணம். எப்படியோ, பிள்ளையின் தட்டும் கமக்காரனின் களமும் ஒன்றையொன்று மறுபடி கண்டுகொண்டன.

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கென்றால் வாசகர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும், ஆயினும் பொறுத்தருள்க.

2024 மார்ச் மாதம் முதல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், நாடளாவிய ரீதியில் ஏறக்குறைய 16 இலட்சம் பேருக்கு, உணவு என்று திட்டம் விரிவாக்கப்பட்டது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு அவ்வாண்டில் ஒதுக்கிய தொகை 110 ரூபா. நான் கண்ட பாடசாலையின் அறுபது பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 6,600 ரூபா. ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள் என்று வைத்தால் 13 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. ஒரு சின்னஞ்சிறு கிராமத்துப் பாடசாலையின் கறிச்சட்டி வழியாக ஓராண்டில் இவ்வளவு பணம் போகிறது.

அரிசியைப் பாருங்கள். பிள்ளைக்கு 75 கிராம் அரிசி என்றால் அறுபது பேருக்கு நாலரைக் கிலோ. 200 நாட்களுக்கு 900 கிலோ. அதற்கு வேண்டிய நெல் ஏறத்தாழ 1,400 கிலோ. நீர்ப்பாசனமுள்ள வயலில் ஒரு நல்ல போகத்து ஏக்கர் விளைச்சல் அதைத் தந்துவிடும். அறுபது பிள்ளைகளின் ஓராண்டுச் சோறு ஒரே ஒரு ஏக்கரில், ஒரே ஒரு போகத்தில்! முட்டையைப் பாருங்கள். கிழமைக்கு ஆளுக்கு ஒன்று என்றால் அறுபது முட்டை. கிழமைக்கு மூன்று இடும் ஊர்க்கோழிகள் இருபது போதும். நான்கு வீடுகளுக்கு ஐந்து கோழிகள். இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரிய காரியம் என்று நாம் மலைத்து நின்றது ஒரு ஏக்கரும் இருபது கோழியுந்தான்.

பின் ஏன் நடக்கவில்லை? அந்தத் தாய் ஒரே வசனத்திற் சொல்லிவிட்டார். கொப்பி.

மாதம் இருபது நாட்கள் சமைத்தால் அவருக்கு வரவேண்டியது ஒரு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் ரூபா. அது மாதம் முடிந்து, விபரங்கள் எழுதி அனுப்பி, அலுவலக மேசைகளைக் கடந்து வருவதற்குள் இன்னொரு மாதமும் போய்விடுவது உண்டு. உணவு வழங்குவோருக்குக் கொடுப்பனவு தாமதமாகிறது என்ற முறைப்பாடு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பத்திரிகைகளில் வந்ததே. அதுவரையில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆகவே அந்த ஏழைத்தாய் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறார். அவரிடம் பணமில்லாத படியால் கடைக்காரர் அவருக்குக் கடன் கொடுக்கிறார். கடைக்காரருக்கு மொத்த வியாபாரி கடன் கொடுக்கிறார். மொத்த வியாபாரி கடனுக்குக் கொடுப்பது மூட்டையில் வரும் பொருளை. நாட்கணக்கிற் கெடாத பருப்பையும் மாவையும் தகரமீனையும். பிள்ளையின் தட்டுக்கு எது வரவேண்டும் என்பதை இறுதியிலே தீர்மானிப்பது பிள்ளையின் உடல்நலமுமன்று, ஊரின் விளைச்சலுமன்று. எந்தப் பொருளைக் கடனுக்கு வாங்க முடியுமோ அது வருகிறது. கீரைக்காரர் தோற்பது விலையிலோ தரத்திலோ அன்று. ஒரு மாதம் காத்திருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில், நீதியைப் பற்றிப் புனித தோமஸ் அக்குவினாஸ் வகுத்த பாகுபாட்டை மனனஞ் செய்தோம். பொதுவாயுள்ளதை அவரவர்க்கு உரிய அளவிற் பிரித்துக் கொடுப்பது பங்கீட்டு நீதி. ஒருவரிடம் வாங்கிய பொருளுக்கும் உழைப்புக்கும் ஈடானதை அவருக்குத் திருப்பிக் கொடுப்பது பரிமாற்ற நீதி. அன்று பரீட்சைக்காகப் படித்தேன். அந்தத் தகரக் கொட்டிலில்தான் அது எனக்கு விளங்கியது.

பாடசாலை உணவு என்னும் ஒரே பாத்திரத்தில் இவ்விரு நீதிகளும் சேர்ந்து வேகின்றன. நாட்டின் பொதுப் பணத்திலிருந்து பிள்ளைக்கு உணவு கொடுப்பது பங்கீட்டு நீதி. அந்த உணவைச் சமைத்தவருக்கும் விளைத்தவருக்கும் உரிய காசைக் கொடுப்பது பரிமாற்ற நீதி. நாமோ இரண்டையும் சேர்த்துத் தர்மம் என்று ஒரே பெயரைச் சூட்டிவிட்டோம். தர்மத்துக்குத் தவணை கிடையாது. இன்று கொடுத்தாலும் அடுத்த மாதம் கொடுத்தாலும் கொடுத்தவர் புண்ணியவானே. ஆகையால் தாமதம் ஒரு குற்றமாக எவருக்கும் படவில்லை. கூலிக்கோ தவணை உண்டு. பழைய ஞானோபதேசம் படித்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்தல். அந்தப் பாவத்தைச் செய்பவன் கொடிய முதலாளியாகத்தான் இருப்பான் என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். நல்லெண்ணத்தோடு தொடங்கிய திட்டமும், ஒருவர்கூடத் தீமை நினைக்காத அலுவலகமும் அதைச் செய்யக்கூடும் என்பது பின்னர் தெரிந்தது.

இதை எழுதும் நானும் குற்றமற்றவனல்லன். எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் போன விழாவிலே நான் வாங்கிக் கொடுத்தது கிறீம் பிஸ்கற். பங்கில் நாலு வீட்டில் மரவள்ளி கிண்டியிருந்தார்கள். கச்சான் அவித்துத் தரவும் ஆட்கள் இருந்தார்கள். பிஸ்கற் வாங்குவது சுலபம், எண்ணிக் கொடுக்கலாம், பற்றுச்சீட்டும் கிடைக்கும். அலுவலகங்களைக் குறைசொல்லுமுன் இதைச் சொல்லிவைப்பது நல்லதென்று பட்டது.

இந்தச் சிக்கலை அவிழ்த்துப் பார்த்த நாடொன்று உண்டு. பிரேசில் 2009ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. பாடசாலை உணவுக்கென்று மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு முப்பது பங்கைக் குடும்பமாகக் கமஞ் செய்யும் சிறு விவசாயிகளிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்றது அச்சட்டம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. கேள்விப்பத்திரம் போட்டுப் பெரிய வியாபாரிகளோடு போட்டியிடும்படி அந்தச் சிறு விவசாயியைக் கேட்கவில்லை. உள்ளூர்ச் சந்தை விலைக்கு ஒத்த விலையில், கேள்விப்பத்திரமின்றியே அவரிடம் வாங்கலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். முப்பது பங்கு என்பது எண். கதவின் உயரத்தைக் குறைத்ததே உண்மையான சீர்திருத்தம். தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் மதிய உணவைப் பரப்பியபோது ஊரார் கொடுத்த தானியத்தால் பல பள்ளிகளில் உலை கொதித்தது. 1982இல் எம். ஜி. ஆர். அதைப் பென்னம்பெரிய அரசுத் திட்டமாக்கினார். பின்னர் முட்டையும் சேர்ந்தது. இன்று உலகமே வியக்கும் திட்டம் அது. ஆனால் இலட்சக் கணக்கான முட்டைகளைப் பெரிய ஒப்பந்தங்களில் வாங்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டில் ஆறு கோழி வைத்திருக்கும் கிழவிக்கு அங்கே இடமிருப்பதில்லை. திட்டம் பெருக்கும்போது வாசலும் தானாக உயர்ந்துவிடுகிறது.

1931ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தமது சமூகச் சுற்றுமடலில் வலியுறுத்திய ஒரு நியதி இங்கு சிந்திக்கற்பாலது. சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு தன் கையில் எடுத்துக்கொள்வது அநீதி என்பது அதன் சாரம். எந்தக் கிழமையில் எந்தக் கறி என்பதைத் தொலைவிலுள்ள ஒரு மேசை தீர்மானிக்க வேண்டியதில்லை. மார்கழி வெள்ளத்தில் வந்தாறுமூலையிற் கீரைக்கு எங்கே போவது? அப்போது கைகொடுப்பவை முன்பே காயவைத்த கவுப்பியும் பயறும், பரணிற் கிடக்கும் பூசணியும். தைமாத அறுவடைக்குப் பின் புத்தரிசி. இதையெல்லாம் அந்தத் தகரக் கொட்டிலில் நிற்பவர் எவர் எழுதிக் கொடுக்காமலும் அறிவார்.

இவ்வளவும் சொன்னபின் இரண்டு எச்சரிக்கைகள். உள்ளூர் என்ற சொல் இனிமையானது. அதை ஆணையாக்கும்போது கசந்துபோகும். 1970ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தை வடக்குக் கிழக்கின் கமக்காரர் பொற்காலம் என்று இன்றும் நினைவுகூருவர். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. அதே காலத்தில், 1973இலும் 1974இலும், மலையகத் தோட்டங்களில் நம் சகோதரர் பட்டினி கிடந்தனர், பட்டினியால் இறந்தும் போயினர். 2021இன் உரத்தடையும் நல்ல பெயரோடு வந்த ஓர் ஆணையே. ஆகவே பருப்பைத் தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கீரைக்குக் கைக்காசு கிடைக்கச் செய்யுங்கள் என்றே கேட்கிறேன்.

மற்றையது இன்னும் நுட்பமானது. உள்ளூர் என்பது நம்மவர் என்று பொருள்பட்டுவிடக் கூடாது. இன்னாருடைய கடையில் வாங்காதே, இன்னாருடைய சந்தைக்குப் போகாதே என்ற பேச்சுகளை இந்த மாவட்டத்தில் நாம் போதியளவு கேட்டிருக்கிறோம். வந்தாறுமூலைக்கு ஏறாவூர் முஸ்லிம் சகோதரரும் உள்ளூர்தான். களுவன்கேணி மீனவரும் உள்ளூர்தான். படுவான்கரையிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுவருபவரும் உள்ளூர்தான். எல்லை எதுவென்று கேட்டால், விடியலில் சைக்கிள் வந்து சேரக்கூடிய தூரம் என்று சொல்வேன். மருந்தடித்த மறுநாளே காய் பிடுங்கும் தோட்டக்காரர் எத்தனை நெருங்கிய உறவினரானாலும் அவரிடம் வாங்கலாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். எனினும் அதில் முதற் பிச்சையை இட ஆதிரை என்னும் இல்லத்தரசி ஒருத்தி அந்த ஊரிலேயே வேண்டியிருந்தாள். வனாந்தரத்தில் ஐயாயிரம் பேர் உண்டதைப் பற்றிய நற்செய்திப் பகுதியிலும் இதையே காண்கிறேன். பிலிப்பு இருநூறு வெள்ளிக்காசைப் பற்றிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில், கூட்டத்துக்குள்ளேயே ஒரு பையனிடம் வாற்கோதுமை அப்பம் ஐந்தும் மீன் இரண்டும் இருந்தன. வாற்கோதுமை அப்பம் ஏழைகளின் உணவு. அந்தப் பையனைத் தேடிக் கண்டுபிடித்த அந்திரேயாவுக்கே, "இவ்வளவு பேருக்கு இது எம்மட்டு?" என்ற ஐயம் இருந்தது. நான் ஒரு ஏக்கரையும் இருபது கோழியையும் எண்ணிக்கொண்டிருந்தபோது அந்திரேயாவைத்தான் நினைத்தேன்.

இப்போது பெற்றோராகிய உங்களிடம் ஒரு காரியம். அலுவலகத்துக் காசோலை விரைந்து வரும்படி கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். அது வரும்வரையில், அறுபது பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு மரக்கறியையும் முட்டையையும் மாத்திரம் கைக்காசுக்கு வாங்க மாதம் எவ்வளவு வேண்டும்? மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு என்று வைத்தாலும் 44,000 ரூபா. அதைச் சுழல்நிதியாக ஒருமுறை சேர்த்துக் கொடுத்தால், காசோலை வந்ததும் அது திரும்பி வந்து அடுத்த மாதத்துக்கு நிற்கும். பிச்சையுமன்று, நன்கொடையுமன்று, அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கும் சுமையை ஒரு தாயின் தோளிலிருந்து பல வீடுகளின் தோளுக்கு மாற்றுவது. வின்சென்ட் டி போல் சபைகளும் மாதர் சங்கங்களும் இதைவிடக் கடினமானவற்றைச் செய்திருக்கின்றன. எந்தப் பாடசாலைக்கும் இது பொருந்தும். கத்தோலிக்கப் பிள்ளை ஒன்றுகூடப் படிக்காத பாடசாலையானாலும்.

இந்த யோசனையோடு சென்ற மாதம் அதே தகரக் கொட்டிலுக்கு மறுபடி போனேன். அன்றைக்கும் பருப்புத்தான். நான் சொன்னதையெல்லாம் அந்தத் தாய் நின்று கேட்டார். பிறகு முந்தானையிற் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"காசு வந்தா நல்லந்தான் பாதர். செக் ரெண்டு மாசம் பிந்தினா, இந்தப் பொதுக்காசுக்கு ஆர் பாதர் பொறுப்பு? நானா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வருகிற புதன்கிழமை கூடுகிறது. அதிபரின் அனுமதியோடு நானும் போகிறேன். அந்தத் தாய் பொறுப்பாளியாக முடியாது என்பது மாத்திரம் எனக்குத் தெளிவு. வேறு யார் என்பதற்கு இன்னும் மறுமொழி கிடைக்கவில்லை. வாசகர்களில் எவருக்கேனும் நல்ல வழி தோன்றினால் புதன்கிழமைக்கு முன் எழுதுங்கள்.